மைகிடா

முதலில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை.

வளைகுடா நாட்டில், தேரா என்கிற கடைவீதிப் பகுதியில், நாய்ஃப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் டைப்பிங் சென்டரில் எனக்கு வேலை. விசா, வாடகை ஒப்பந்தம், லீவு லெட்டர், போலீஸ் புகார் என்று எந்தக் காகிதமானாலும் படிவம் நிரப்பிக் கொடுப்போம். எதிரே ஒரு கார்கோ ஆபீஸ். துணி, டயர், பழைய ஃப்ரிட்ஜ் எல்லாம் அங்கே மூட்டையாகி நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறும். அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்துவிட்டால், போகிற வருகிற ஆப்பிரிக்கர்கள் எல்லாரும் கொஞ்சம் குனிந்து, "மைகிடா! மைகிடா!" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஆறடி ஆள், அகலமும் அதற்கேற்றாற்போல். தலையில் பூவேலை செய்த குல்லா.

என் ரூமில் வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர் உண்டு. பக்கத்து மெஸ்ஸில் சமையல். அவர் காதில் இந்தப் பேர் விழுந்த அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏ வே, கேட்டீரா? நாம சொன்னாத்தான் தப்பு. அவனுவளே அவன மை கிடான்னு கூப்புடுதானுவ. மை மாரி கருப்பு, கிடா மாரி ஒடம்பு. பேரு வச்சவன் வாயில சக்கரையத்தான் போடணும்!"

எங்கள் நிறத்துக்கு நாங்கள் சிரித்திருக்கக் கூடாது. ஆனாலும் சிரித்தோம். மறுநாளிலிருந்து நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். "என்ன மை கிடா, சொகமா?" அவர் ஒவ்வொரு தடவையும் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை அசைப்பார். முகம் மலர்ந்துவிடும். கேலி செய்தால் இப்படிச் சந்தோஷப்படுகிற மனிதனை நான் பார்த்ததில்லை என்று அண்ணாச்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் புதிதாக வந்திறங்கிய வியாபாரி ஒருவருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தங்கும் இடம் எது என்று கேட்டேன். எதிர்வாசலைக் காட்டி, "மைகிடா" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "எங்கள் ஹவுசா பாஷை. வீட்டுக்காரர் என்று அர்த்தம். வேற்றூரில் போய் இறங்குகிறவனுக்கு வீடு கொடுக்கிற பெரிய மனிதர்" என்றார்.

ராத்திரி அண்ணாச்சியிடம் சொன்னேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அடப் பாவி மக்கா. நாம ஏசுனதா நெனச்சோம், அவருக்குக் கும்புடு போட்டுல்லா இருந்திருக்கோம்." அதன்பிறகு 'அவன்' என்ற சொல் அண்ணாச்சி வாயில் வந்ததே இல்லை. ஆனால் உண்மையை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. தமிழர்கள் தன் பாஷையைக் கற்று மரியாதை செய்கிறார்கள் என்றுதான் கடைசிவரை அவர் நினைத்திருந்தார்.

பழைய வில்லா ஒன்றைப் பலகை அடித்துத் தடுத்து எட்டு அறையாக்கி வைத்திருந்தார். ஊரிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர், வேலை போனவர், உடம்புக்கு முடியாதவர் யார் வந்தாலும் அங்கே ஒரு பாய் விழும். வந்த மூன்று நாளைக்கு 'எதற்கு வந்தாய்' என்று கேட்க மாட்டார். நாலாவது நாள்தான் பேச்சு. பிறகு கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போவார். "இவர் என் ஆள்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத் தேராவில் எத்தனையோ ஷட்டர் திறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டது பாதி இந்தி, பாதி ஆங்கிலம். சந்தித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "களைப்பு எப்படி இருக்கிறது?" அவர்கள் ஊர் வழக்கமாம். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லையா, அந்த மாதிரி. களைப்பே இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். நானோ வாய்த்துடுக்கன். "களைப்பா? முதலாளியைக் கேளுங்கள், அவரிடம்தான் மொத்தத்தையும் கொடுத்து வைத்திருக்கிறேன்" என்பேன். தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

ஒரு தடவை அவர் கைகாட்டிய ஆள் ஒருவன், ஒரு கடையிலிருந்து சரக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான். கடைக்காரர் கீழக்கரை பாய். நல்லவர், ஆனால் வியாபாரி. மறுநாள் காலை இவர் குல்லாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அந்தக் கடைக்குப் போனார். மூட்டை கட்டினார், பெட்டி தூக்கினார். இரண்டு மாதத்துக்கு மேல், தினமும் மதியம்வரை. ஐம்பத்தைந்து வயது ஆள். பாயே வெட்கப்பட்டு, "போதும் ஹாஜியார், கலாஸ்" என்று கையைப் பிடித்த பிறகுதான் விட்டார்.

"அவன் ஓடினதுக்கு நீங்க எதுக்கு மாரடிக்கிறீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"விருந்தாளி ஓடலாம்" என்றார். "வீட்டுக்காரன் ஓட முடியாது."

இது எங்கேயிருந்து வந்த புத்தி என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் என் கதை ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை கடைக்குள்ளேயே விலாவைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். சிறுநீரகக் கல். ரூமில் எல்லாரும் டியூட்டி. எதிர்வாசலிலிருந்து இவர்தான் ஓடிவந்து, என்னை மூட்டை மாதிரி தூக்கி டாக்சியில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ், குளச்சல் பக்கத்துப் பெண். வலி குறைந்து கண் விழித்ததும் அவள் கேட்டாள்:

"இந்த மனுசன் ஒங்களுக்கு யாருண்ணே? சொந்தமான்னு கேட்டா 'மைன், மைன்'னே சொல்லுதாரு. வீட்டுக்குப் போங்கன்னாலும் போவமாட்டேங்காரு."

மூன்றாம் நாள் ஃபிளாஸ்க்கில் ஏதோ கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தார். இஞ்சி, கிராம்பு வாசனை. ஒரு வாய் குடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பங்கூழ்! புளிக்கவைத்து, கொஞ்சம் இனிப்புப் போட்ட அசல் கம்பங்கூழ். "எங்கள் ஊர்ச் சாப்பாடு" என்றார் அவர். "யோவ், இது எங்க ஊர்ச் சாப்பாடு" என்றேன் நான். நர்ஸும் அவருமாக என்னைச் சமாதானப்படுத்தினார்கள்.

அந்த 'எங்கள் ஊர்' எது என்று நான் தோண்டித் துருவியது, அவருடைய பாஸ்போர்ட் முடிய ஆறு மாதம் இருந்தபோது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நம்மவர்கள் வழக்கப்படி கேட்டேன்:

"நேட்டிவ் பிளேஸ்?"

அவர் குல்லாவைச் சரி செய்தார். "பிறந்த ஊரா?" என்றார்.

"பிறந்த ஊர் வேற கட்டத்தில இருக்கு. இது சொந்த ஊர். ஒரிஜினல்."

"இபடான்" என்றார். பிறகு, "அழித்துவிடு. கானோ என்று போடு" என்றார். பிறகு அதையும் வேண்டாம் என்றார்.

எனக்கு வேலை தலைக்குமேல் கிடந்தது. "சொந்த ஊர் தெரியாத மனுஷன் உண்டாய்யா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் எரிந்து விழவில்லை. உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார்.

இபடான் யொருபா ஜனங்களின் நகரம். மலைமேல், கண்ணுக்கெட்டிய தூரம் துருப்பிடித்த தகரக் கூரைகள். இவருடைய தாத்தா வடக்கே கானோ பக்கத்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்து அங்கே வந்தவர். திரும்பிப் போகிறவர்களிடம், வெற்றிலை பாக்கு மாதிரி மெல்லுகிற கோலாக் கொட்டைகளை இலையில் பொதிந்து கூடை கூடையாக வடக்கே அனுப்புவார். அவரைப் போல வந்த ஹவுசாக்காரர்கள் பெருகிப் போனார்கள். வெள்ளைக்காரனும் ஊர்ப் பெரியவர்களுமாகச் சேர்ந்து, நகரத்துக்கு வெளியே ஓர் இடத்தைக் காட்டி, வெளியாட்கள் எல்லாம் இங்கே இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். அந்த இடத்துக்குப் பேர் சாபோ. புதிது என்று அர்த்தம்.

"எங்க பக்கமும் தடுக்கி விழுந்தா ஒரு புதூர் இருக்கும்" என்றேன்.

"உங்கள் புதூர்க்காரர்களை எத்தனை வருஷம் புதியவர்கள் என்று சொல்வார்கள்?"



சாபோவுக்கென்று தனித் தலைவர், தனிப் பள்ளிவாசல். மாடு கொண்டுவருகிற வடக்கத்தியானுக்கு வாங்குகிற கசாப்புக்காரனைத் தெரியாது; கசாப்புக்காரனுக்கு அவனைத் தெரியாது. இரண்டு பேரையும் தெரிந்தவன் வீட்டுக்காரன், அதாவது மைகிடா. மாடு விற்கும்வரை வந்தவனுக்குச் சோறும் படுக்கையும் அவன் வீட்டில். யார் பேச்சுத் தவறினாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இவர் தாத்தா அப்படி ஒரு மைகிடா. அப்பாவும் அப்படித்தான். இவர் சாபோவில் பிறந்து, யொருபாப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போனவர். திட்டுவதென்றால் ஹவுசாவில் திட்டுவார். மூட்டை எண்ணுவதென்றால் யொருபாவில் எண்ணுவார். அது எனக்கே தெரியும், என் ஜன்னலில் கேட்கும்.

சிக்கல் இதுதான். பாஸ்போர்ட்டுக்கு, இவர் இந்த ஊர்க்காரர்தான் என்று உள்ளூர் ஆபீஸ் ஒன்று கடிதம் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஜாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைகிறோமே, அதே கூத்துதான். அந்தக் கடிதம் பிறந்த இடத்தைப் பார்த்து வருவதில்லை, தகப்பன் வழி பூர்விகத்தைப் பார்த்து வருவது. போன தடவை தாத்தாவின் ஊரில் ஒரு கிழவர், 'எங்கள் பிள்ளைதான்' என்று கையெழுத்துப் போட்டார். அவர் இப்போது இல்லை. அங்கே கேட்டால், உன்னை யாருக்கும் தெரியவில்லையே என்கிறார்கள். இபடானில் கேட்டால், நீ வடக்கத்தியான், உன் ஊரில் போய்க் கேள் என்கிறார்கள். கடிதம் இல்லையென்றால் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லையென்றால் விசா இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நடத்திய வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

யாராவது ஒருவர் ஆபீசில் நேராகப் போய், இவர் எங்களவர் என்று சொன்னால் எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். இவர் வாழ்நாளெல்லாம் ஊராருக்குச் செய்த வேலை. தனக்குச் சொல்ல ஆள் தேடினார். கடைசியில் ஓர் அம்மாவைப் பிடித்தார். இபடானில் துணி வியாபாரம் செய்கிற யொருபா அம்மா. வருஷத்துக்கு இரண்டு தடவை தேராவுக்கு வருவார், வந்தால் இவர் வீட்டில்தான் தங்குவார். அவருடைய குரல் சந்து முனைவரை கேட்கும். மைகிடா மேல் உயிரையே வைத்திருந்தவர். ஒரு தடவை இவருக்குக் காய்ச்சல் என்று திரும்பிப் போகிற டிக்கெட்டையே மாற்றிக்கொண்டு இருந்து பார்த்தவர்.

அந்த அம்மா ஆபீசுக்குப் போய்வந்து போன் செய்தபோது இவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். கடிதத்தில் இருப்பதை நான் உடனே டைப் அடிக்க வேண்டுமென்று ஏற்பாடு. அம்மா யொருபாவில் மழை கொட்டுகிற மாதிரி பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குரலில் சந்தோஷம் மட்டும் தெரிந்தது. இவர் முகம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனாலும் கடைசியில் நன்றி சொன்னார், இரண்டு தடவை சொன்னார். போனை வைத்தார்.

"என்னாச்சு? கொடுத்துட்டாங்களா?"

"கொடுத்துவிட்டார்கள்."

"அப்புறம் என்ன?"

"அவள் ஆபீசில் என்ன சொன்னாள் தெரியுமா? 'எங்கள் ஊர் அலேஜோக்களில் இவரைப் போல் நல்லவர் கிடையாது' என்று சொன்னாளாம். அதை அப்படியே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்."

அலேஜோ என்றால் அவர்கள் பாஷையில் விருந்தாளி. வெளியாள் என்பதற்கும் அதே சொல்தான். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்து, அந்த மண்ணிலேயே புதைந்த குடும்பம். அந்த அம்மா மனசாரப் புகழ்ந்திருக்கிறார். அவருக்கு அதில் பிசகு ஒன்றும் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போடுங்கய்யா!" என்று கத்தினேன்.

"எதற்கு? அவள் பொய் சொல்லவில்லையே" என்றார். எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு யாரோ "மைகிடா" என்று கூப்பிட்டதற்கு அவர் எழுந்திருக்கவில்லை.

வெளியாள் என்று எழுதிய அந்தக் கடிதம் ஒன்றுக்கும் உதவவில்லை. விசா முடிந்தது. கொடுத்த அவகாசமும் முடிந்தது. வில்லாவை விட்டு வெளியே வராமல் இரும் என்று அண்ணாச்சி தலையில் அடித்துச் சொன்னார், சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வாரம் இருந்தார். பிறகு யாரோ ஒருவர் ஊரிலிருந்து வந்து ஏர்போர்ட்டில் இறங்குகிறார், அவருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது என்று போன் வந்திருக்கிறது. குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மெட்ரோ வாசலில் போலீஸ்காரர்கள் அடையாளக் கார்டு கேட்டார்கள்.

அவர் சட்டைப்பையில் எங்கள் கடை ரசீது இருந்தது. அதில் என் நம்பர். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அந்த வாரம் லீவு. தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி காட்டினார். பெஞ்சில் மைகிடா, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவருக்குப் பயணக் காகிதம் வரச் சில வாரம் ஆகும்" என்றார் அதிகாரி. "அதுவரை வெளியே விடலாம். ஒருவர் பொறுப்பேற்றுத் தன் பாஸ்போர்ட்டை இங்கே வைக்க வேண்டும். இவர் உங்களுக்கு யார்?"

காதுகுத்து ஒரு சாக்குதான். நாள் தள்ளி வைத்திருக்கலாம், தங்கச்சி அழுதிருப்பாள், பிறகு சரியாகியிருப்பாள். எனக்குப் பயம். இவர் ஓடமாட்டார் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்தத் தேராவில் கிடையாது. அப்படியும் பயம்.

"கஸ்டமர்" என்றேன்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். மைகிடாவுக்கு ஓதிப் படித்த அரபி நன்றாக வரும். நிதானமாகப் பதில் சொன்னார். எனக்குப் புரிகிற அளவுக்கு நிதானமாக.

"ஆமாம், நான் கஸ்டமர்தான். இவர் எனக்குக் காகிதம் எழுதிக் கொடுப்பவர். நல்ல மனிதர், அதற்கு நான் சாட்சி. இவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அனுப்பிவிடுங்கள்."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. நான் எழுந்தேன். அவரைத் தாண்டிப் போகும்போது மெதுவாகக் கூப்பிட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏர்போர்ட்டில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி. காலையிலிருந்து நிற்கிறார், பாவம்."

டாக்சி பிடித்துப் போனேன். மதியம் மூன்று மணி. வருகை வாசலில் கூட்டமெல்லாம் கலைந்து, கம்பியோரமாக ஒருவர் மட்டும் பெட்டிமேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கிட்டே போய், மைகிடா அனுப்பினார் என்றேன். அவர் முகத்தில் உயிர் வந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"நீங்கள் அவருக்கு யார்?"

ஒரே நாளில் இரண்டாவது தடவை. குனிந்து அவருடைய பெட்டியைத் தூக்கினேன். நல்ல கனம்.